இடது பக்கக் கதவு

விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாமியார் போய்ப் பழைய காருக்குள் உட்கார்ந்துகொண்டார். பின் சீட்டில், நட்டநடுவில், மடியில் கைப்பையோடு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கதவுகளையும் உள்ளே இருந்து பூட்டிக்கொண்டார்.

தேநீர் கொண்டுவந்த மூத்த மருமகள் வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில்தான் வாசலுக்கு வந்து பார்த்தாள். டம்ளரைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு ஜன்னலைத் தட்டினாள்.

“அத்தை... டீ ஆறுது.”

மாமியார் நேராக முன் சீட்டைப் பார்த்தபடி இருந்தார். அப்புறம், எதிரில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அந்தச் சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

“எனக்கு யாரும் டீ கொண்டாந்து தர வேண்டாம். இந்த வண்டி இங்கேருந்து போனா நானும் இதோடவே போறேன்.”

அவர் மருமகளிடம் பேசும் முறை அதுதான். சுவரிடம் சொல்வார், மகனிடம் சொல்வார், பேத்தியிடம் சொல்வார். மருமகள் காதில் விழும். ‘ம்மா’ என்றோ ‘ஏய்’ என்றோகூட நேராக அழைத்துப் பல வருஷம் ஆயிற்று. அவளுக்கும் பழகிப்போயிருந்தது. பழகிப்போனதென்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கார் மாமனார் வாங்கியது. ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது இடது பக்கக் கதவில் தொடங்கிய துரு மேலேயும் கீழேயும் படர்ந்து, விரலால் தட்டினால் பொரபொரவென்று உதிர்ந்தது. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் தேங்கும். தரையில் ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு மூடியிருந்தார்கள். போன மாதம் சோதனைக்குக் கொண்டுபோனபோது, “இனிமே இதை ரோட்டுல விட்டா உங்களுக்கும் ஆபத்து, பக்கத்துல போறவனுக்கும் ஆபத்து” என்று அனுமதியைப் புதுப்பிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வார முடிவுவரைதான் கெடு. இன்றைக்குப் பழையதைப் பழைய இரும்புக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். புதியது வர வேண்டும்.

அவள் உள்ளே போனாள். கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். “ஊருக்கெல்லாம் பார்வை குடுக்கிறவனுக்கு ஆண்டவன் பார்வையைக் குறைச்சுட்டான்” என்று அவரே சிரித்துச் சொல்வார். கண்ணுக்குள் அழுத்தம். இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியாயிற்று.

“அத்தை காருக்குள்ள போய் உக்காந்துட்டாங்க.”

“அம்மாவா? எதுக்கு?”

“கார் போகக் கூடாதாம்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கழற்றினார். மறுபடியும் துடைத்தார். சங்கடம் என்று ஒன்று வந்தால் அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

கடைசியில் போய்ப் பேசியது மகள்தான். கல்லூரிக்குப் போகிற பெண், வாய் கொஞ்சம் நீளம். பாட்டியிடம் அவளுக்கு மட்டும் செல்வாக்கு உண்டு. காரைச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சினாள், மிரட்டினாள், “உள்ளேயே இருந்தா உங்களையும் சேர்த்து நசுக்கிப் பெட்டியாக்கிடுவாங்க பாட்டி!” என்று சிரித்தாள். கார் ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

“சரி. போகட்டும். உங்க தாத்தாவே போயிட்டாரு, வண்டி எம்மாத்திரம்...! ஆனா ஒரே ஒரு வார்த்தை. புது வண்டிச் சாவி உங்கம்மா கைக்குப் போகக் கூடாது. உங்கப்பன் என் தலைமேல கை வெச்சு அதைச் சொல்லணும். சொன்னா இறங்கறேன்.”

“அப்போ யார்தான் ஓட்டறது? அப்பாவால முடியாது. எனக்கு லைசென்ஸ் இல்ல. சித்தப்பா அவர் வீட்டுல இருக்காரு. வீட்டுலேயே நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆள் அம்மாதான் பாட்டி!”

“நல்லா ஓட்டத் தெரிஞ்சவளா...!” மாமியாரின் குரல் உயர்ந்தது. “நல்லா ஓட்டித்தானே என் புருஷனைப் படுக்கையில போட்டா! நடந்து போன மனுஷன்... கட்டில்ல கிடந்தே போய்ச் சேர்ந்தாரு. மறந்துட்டீங்க எல்லாரும். நான் மறக்கல!”

வாசல் படியில் நின்றிருந்த மருமகள் ஆறிப்போன டம்ளரை எடுத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணவர் அவளைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

திருமணமான புதிதில் அவள் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். நல்ல பெயர். பயந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பேச்சுக் கொடுத்தே ஓட்ட வைத்துவிடுவாள். மாமனாருக்கு அதில் அத்தனை பெருமை. “என் மருமக சொல்லிக்குடுத்தா எருமைகூட கியர் போடும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அப்புறம் அந்த விபத்து. ஒரு காலை நேரத்தில், மழையில் நனைந்திருந்த பாலத்தில் கார் வழுக்கிப் போய் இடது பக்கமாகக் கைப்பிடிச் சுவரில் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமனாருக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. நான்தான் ஓட்டினேன் என்று அவள் சொன்னாள். போலீசிடம் சொன்னாள், மருத்துவமனையில் சொன்னாள், வீட்டிலும் சொன்னாள். அபராதத்தோடு போயிற்று. ஆனால் விபத்து செய்தவளிடம் யார் வந்து ஓட்டக் கற்பார்கள்? டிரைவிங் ஸ்கூல் நடத்திய அம்மாள் வருத்தத்தோடுதான் அவளை நிறுத்தினார். அதற்குப் பிறகு அவள் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. வீட்டோடு இருந்து மாமனாரைத் தூக்கி உட்கார வைத்தாள், துடைத்துவிட்டாள், ஊட்டினாள், அவர் போகும்வரை.

தெரு முனையில் ஹாரன் கேட்டது. புதிய கார் வந்துகொண்டிருந்தது.

ஓட்டி வந்தவன் சின்னவன், கணவரின் தம்பி. தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டுகிறவன். எரிகிற கட்டடங்களுக்கிடையே அந்தப் பெரிய வண்டியைச் சந்து சந்தாக நுழைத்துக் கொண்டுபோவான் என்று பெயர். அவன் பாராட்டு வாங்கிய படம் கூடத்தில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. காரைப் பழையதற்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். சாம்பல் நிறம். கதவை மூடினால் ‘டப்’ என்று மெத்தையில் விழுந்ததுபோலச் சத்தம். தெருவில் இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

“என்ன எல்லாரும் வாசல்ல நிக்கறீங்க... அம்மா ஏன் உள்ள உக்காந்திருக்காங்க?” அவன் சிரித்தபடியே வந்தான்.

மகனைக் கண்டதும் மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பூட்டைத் திறந்தார். ஆனால் இறங்கவில்லை.

“வாடா... நீயே சொல்லு. உங்கண்ணன் வாயில கொழுக்கட்டை. புது வண்டியை உங்கண்ணி கையில குடுக்கலாமா? நீ சொல்லு!”

அவன் சிரிப்பு நின்றது. “எதுக்கும்மா இப்போ அந்தப் பேச்சு...”

“எப்போ பேசறது? செத்தப்புறமா? உன் கையில வண்டி குடுத்தா பெத்த பிள்ளை மாதிரி சொன்ன பேச்சு கேக்கும். நெருப்புக்குள்ள போயிட்டு முழுசா வர்றே. அன்னைக்கு நீயும்தானே கூடப் போயிருந்தே! உன் கையில குடுத்திருக்கக் கூடாதா இவ...? அன்னைக்கு நீ ஓட்டியிருந்தா உங்கப்பா இன்னைக்கு இந்த வாசல்ல நடந்துட்டு இருந்திருப்பாருடா!”

அவன் முகம் வெளுத்தது. கையில் இருந்த புதுச் சாவி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக்கூட இல்லை. அண்ணியைப் பார்த்தான்.

இதற்கு முன்னாலும் இப்படி அவன் பார்த்ததுண்டு. பேச வாயெடுத்ததுகூட உண்டு. அப்போதெல்லாம், “தம்பி, சாப்பிட வா” என்றோ, “தம்பி, உன் பையன் அழறான் பாரு” என்றோ ஏதாவது சொல்லித் தடுத்துவிடுவாள். இன்றைக்கும் நாக்கு நுனிவரை ஏதோ வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள். டம்ளரைப் படியில் வைத்தாள். சும்மா நின்றாள்.

“அம்மா...” என்றான் அவன். “நான்தாம்மா ஓட்டினேன்.”

மகள் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள்.

“நான்தாம்மா... அன்னைக்கு நான்தான் ஓட்டினேன். அப்போ குடோன் வேலையில இருந்தேன், ராத்திரி பூரா கண்ணு முழிச்சு வேலை பார்த்துட்டு வந்தவன். நான்தான் ஓட்டுவேன்னு அடம் பிடிச்சு அண்ணியைப் பின்னால உக்கார வெச்சேன். பாலத்துல கண்ணு சொக்கிடுச்சு... ஒரு நிமிஷம்...” அவன் பழைய காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். “தீயணைப்புல சேரச் சொல்லி ஆர்டர் வந்து கையில இருக்கு. கேஸ் ஆனா வேலை போயிடும்னு... அப்பாதான் வலியில கத்திக்கிட்டே அண்ணிகிட்ட கேட்டாரு. ‘நீ ஓட்டினேன்னு சொல்லிடும்மா, இவன் வாழ்க்கை போயிடும்மா’ன்னு. அண்ணி ஒரு வார்த்தை பேசலம்மா... இறங்கி வந்து என் இடத்துல உக்காந்துக்கிட்டாங்க...!”

சொல்லிவிட்டு அவன் குலுங்கி அழுதான். மகள் அம்மாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

காருக்குள் இருந்த கிழவியின் முகத்தில் அதிர்ச்சி வரவில்லை. அது எல்லாருக்கும் முன்னால் மருமகளின் கண்ணில் பட்டது. அந்த முகம் தளர்ந்து, சின்னதாகி, ரொம்பக் காலமாகப் பிடித்திருந்த எதையோ கீழே வைத்ததுபோல ஆயிற்று.

“அத்தை,” என்றாள் அவள். “உங்களுக்குத் தெரியுமா?”

மாமியார் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். அவிழ்த்தார்.

“அன்னைக்கு அவன் சட்டையை நான்தான் துவைச்சேன். தண்ணிக்கு அடியில பொடிப்பொடியாக் கண்ணாடி. நெஞ்சுல குறுக்கே கன்னிப்போயிருந்துச்சு, ஸ்டியரிங் இடிச்ச மாதிரி. உன் துணியில ஒரு கிழிசல் இல்ல.” பல வருஷத்துக்கப்புறம் முதல் தடவையாக அவர் மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேசினார். “யாரும் சொல்லல. நானும் கேக்கல. தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்.”

“தெரிஞ்சேவா...” என்றாள் அவள். “தெரிஞ்சே இத்தனை வருஷமா என்னை...!”

“அவன் நான் பெத்தவன். நீ வந்தவ. பழியை யார் மேலயாவது போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு இருந்துச்சு... பெத்தவன் மேல போட முடியல. வந்தவ மேல போட்டுட்டேன். சுலபமா இருந்துச்சும்மா. அவ்வளவு சுலபமா இருந்துச்சு!”

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. கணவர் மெதுவாக இரண்டடி முன்னால் வந்தார்.

“ஏன் என்கிட்டகூடச் சொல்லல?”

அவள் திரும்பினாள். கோபப்பட்டுப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், உப்பு எங்கே என்று கேட்பதுபோல.

“நீங்க கேட்டீங்களா?”

அவர் கை கண்ணாடிக்குப் போயிற்று.

“ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘நிஜமாவே நீதான் ஓட்டினியா’ன்னு கேட்டிருக்கலாம் இல்ல? நான் எப்படி ஓட்டுவேன்னு உங்களுக்குத் தெரியாதா? அத்தை திட்டினாங்க. தாங்கிக்கிட்டேன். நீங்க திட்டவே இல்ல. மன்னிச்ச மாதிரி நடந்துக்கிட்டீங்க. செய்யாததுக்கு என்னை மன்னிச்சுட்டே இருந்தீங்க, தினமும்... அதைத்தாங்க தாங்க முடியல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. கண்ணீர் தாடைவரை இறங்கியது. “தப்புதான்” என்றார்.

“மாமாகிட்ட ஒரு தடவை கேட்டேன்,” அவள் யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். “‘அத்தைகிட்ட மட்டுமாவது சொல்லிடுங்க மாமா’ன்னேன். ‘நான் போனப்புறம் அவனே சொல்லுவான்மா’ன்னாரு. நானும் காத்துட்டு இருந்தேன்.”

சின்னவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அண்ணி... நான் போய் அந்த டிரைவிங் ஸ்கூல் அம்மாகிட்ட சொல்றேன். இப்பவே போறேன். எங்க ஆபீசர்கிட்டயும் சொல்லிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.”

அவள் தடுக்கவில்லை. “உன் வேலை விஷயம் உன் பாடு. ஸ்கூல்ல போய்ச் சொல்லிட்டு வா. எனக்கு அந்த வேலை திரும்ப வேணும்” என்றாள்.

மகள் விழுந்து கிடந்த சாவியை எடுத்து, புழுதியை ஊதிவிட்டு, அம்மாவிடம் நீட்டினாள்.

“மேசைமேல வை. எனக்குத் தோணும்போது எடுப்பேன்.” பிறகு அவள் பழைய காரைப் பார்த்தாள். கிடங்குக்காரரின் இழுவை வண்டி இந்தச் சந்துக்குள் நுழையாது. ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சின்னவன் ஓட்டிப்போவதாக ஏற்பாடு. “இதை நான் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்.”

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பழைய சாவியைத் திருகினாள். இன்ஜின் இருமியது. மறுபடியும் திருகினாள். செத்ததுபோலக் கிடந்துவிட்டு, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு உயிர் வந்தது. பின் சீட்டில் இருந்து மாமியார் இறங்கினார். வீட்டுக்குள் போவார் என்றுதான் நினைத்தாள். அவர் காரைச் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கக் கதவின் பக்கத்தில் நின்றார். அந்தக் கதவு வெளியே இருந்து திறக்காது. கிழவி கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். விரலெல்லாம் துரு.

“நானும் வரட்டாம்மா...?”

அவள் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாய்ந்து எட்டி, உள்ளே இருந்து கதவைத் திறந்துவிட்டாள்.

கார் சந்திலிருந்து வெளியே வந்தது. அவள் உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. கை தானாகக் கியரைத் தேடியது, கண் தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று. மாமியார் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் மெதுவாப் போம்மா.”

“இதுக்கு மேல மெதுவாப் போனா நின்னுடும் அத்தை. நின்னா நீங்கதான் இறங்கித் தள்ளணும்.”

கிழவியின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத் தொடங்கி அழுகையாக முடிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைத்தான் பார்த்தாள்.

கிடங்கில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. கிடங்குக்காரர் வண்டியைச் சுற்றிவந்து தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

“இதையா ஓட்டிட்டு வந்தீங்க? கீழே ரோடு தெரியுதே!”

“என் மருமக ஓட்டுவா,” என்றார் மாமியார். “அவ நாலு தெருப் பொம்பளைங்களுக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்தவ!”

இரும்புக் கொக்கி இறங்கி வந்து காரைக் கவ்வித் தூக்கியது. இடது பக்கக் கதவு பிய்த்துக்கொண்டு தொங்கி, பின் மண்ணில் விழுந்தது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தன் கணவருக்காகத்தான் அழுதார். அது மருமகளுக்குப் புரிந்தது. பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை.

திரும்பி வரப் பேருந்துதான். கூட்டம். ஒரு புண்ணியவான் கிழவிக்கு இடம் விட்டு எழுந்தான். மாமியார் உட்காராமல் மருமகளை உட்காரச் சொன்னார். அவள் மறுத்தாள். இவர் பிடிவாதம் பிடித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “யாராவது ஒருத்தர் உக்காருங்களேன்மா, வழியை அடைச்சுக்கிட்டு...!” என்று நடத்துநர் கத்தவும், ஜன்னலோரம் இருந்த பெண் ஒடுங்கி இடம் கொடுக்க, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஒன்றிரண்டு நிறுத்தங்கள் போயின.

“எம்மேல கோபமா?” கிழவி கேட்டார்.

“ஆமா அத்தை.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

“எப்போ போகும்?”

“தெரியல. போகுமான்னே தெரியல.”

மாமியார் தலையை ஆட்டிக்கொண்டார். துரு ஒட்டியிருந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மருமகளின் கைமேல் வைத்தார்.

“சரி. கோபமாவே இரு. எவ்வளவு நாளானாலும் இரு. நான் பக்கத்துல இருக்கேன்.”

படுக்கையில் இருந்த மனிதரைத் தூக்கியபோதும், வேலை போனபோதும், சுவரைப் பார்த்துச் சொன்ன ஆயிரம் சொல்லைக் கேட்டபோதும் அழாதவள், அந்த நெரிசலில் அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள். டிக்கெட் கேட்டு வந்த நடத்துநர் கையை நீட்டியபடியே நின்றுவிட்டார்.

“ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே எடுக்கறேன்” என்று மாமியார் மறு கையால் கைப்பையைத் திறந்தார். மருமகளின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. அது அசங்காமல் இருக்க, ஒற்றைக் கையாலேயே சில்லறையைத் துழாவினார்.